மூன்று பேடில் மட்டும் கிரவுண்ட் ஒட்டவில்லை: கோளாறு கீகேட்டிலா, போர்டிலா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காக ஒரு தம்பி, சர்க்யூட் போர்டு வரையும் மென்பொருளான கீகேட் 8-இல் இரண்டு லேயர் போர்டு போட்டிருக்கிறார். ஒரு ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலர்) மாட்யூல், துளையில் செருகும் வகை 3.3 வோல்ட் ரெகுலேட்டர், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு கெபாசிட்டர், சென்சார்களுக்கு நாலைந்து பின் ஹெடர். கீழ் லேயர் முழுக்க கிரவுண்ட் ஜோன், அதாவது கிரவுண்டோடு சேரும் காப்பர் பரப்பு. பி விசையை அழுத்தினால் காப்பர் நிரம்புகிறது. ஆனால் ரெகுலேட்டரின் கிரவுண்ட் பேடும் (பின்னைச் சால்டர் செய்யும் காப்பர் இடம்) இரண்டு கெபாசிட்டர்களின் கிரவுண்ட் பேடும் மட்டும் தீவு மாதிரி நிற்கின்றன. காப்பர் அவற்றைச் சுற்றிக்கொண்டு போகிறது, தொடவில்லை. போர்டு விதிகளைச் சரிபார்க்கும் டிஆர்சி ஓட்டினால் இணைப்பு விட்டிருக்கிறது என்று பிழை. அது போதாதென்று நேற்றிலிருந்து போர்டைத் திறந்தால் காப்பரே தெரியவில்லை, ஜோனின் ஓரக்கோடு மட்டும் தெரிகிறது. அதே போர்டு நண்பரின் லேப்டாப்பில் நன்றாகத் தெரிகிறது. இரண்டு முறை கீகேட்டை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டாயிற்று, பலனில்லை. "இது சாஃப்ட்வேர் பக் தானே அண்ணா, எங்கே ரிப்போர்ட் பண்ணணும்?" என்பது கேள்வி.

தம்பி, உங்கள் ஸ்க்ரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக் இல்லை என்று பந்தயம் கட்டுவேன். உங்களிடம் இருப்பது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பிரச்சினைகள். இரண்டும் ஒரே நாளில் வந்ததால் கீகேட்டுக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி தெரிகிறது.

முதல் பிரச்சினைக்கான துப்பு படத்திலேயே இருக்கிறது. இணைக்காத பேடுகளுக்கு நடுவே மெல்லிய ரேட்ஸ்நெஸ்ட் கோடு வருமே, அது எங்கிருந்து எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு பேடு கிரவுண்ட் ஜோனோடு சேர வேண்டியிருந்தால் கோடு அந்தப் பேடிலிருந்து பக்கத்துக் கிரவுண்ட் காப்பரை நோக்கித்தான் போகும். உங்கள் படத்தில் அப்படி இல்லை. கெபாசிட்டரிலிருந்து ரெகுலேட்டருக்கு ஒரு கோடு, ரெகுலேட்டரிலிருந்து அடுத்த கெபாசிட்டருக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். மூன்றும் தங்களுக்குள் மட்டும் கை கோத்துக்கொள்ளப் பார்க்கின்றன, வெளியே யாரையும் தேடவில்லை. அப்படியென்றால் கீகேட் கணக்கில் அந்த மூன்றும் வேறொரு நெட், அதாவது ஒன்றோடொன்று இணைய வேண்டிய பின்களின் வேறொரு கூட்டம். அந்த நெட்டுக்கும் உங்கள் ஜோனுக்கும் உறவே கிடையாது.

"பேடு மேலேயே ஜிஎன்டி என்று எழுதியிருக்கிறதே" என்பீர்கள். பலரும் ஏமாறும் இடம் அதுதான், நானும் ஒரு முறை முழு சாயங்காலத்தைத் தொலைத்திருக்கிறேன். பேடின் மேலும் டிராக்கின் (போர்டில் ஓடும் காப்பர் கோடு) மேலும் கீகேட் எழுதிக் காட்டுவது நெட்டின் சுருக்கப் பெயரை. நெட்டின் முழுப்பெயரில் சாய்கோடுகள் இருந்தால், கடைசிச் சாய்கோட்டுக்கு அப்புறம் இருப்பதை மட்டும்தான் பேடில் எழுதும். சிறிய பேடில் நீளப் பெயர் அடங்காது என்பதற்காகச் செய்த வசதி. ஆக ஒரு நெட்டின் பெயர் வெறும் ஜிஎன்டி, இன்னொன்றின் பெயர் /பவர்/ஜிஎன்டி என்றிருந்தாலும், பேடுகளில் இரண்டும் ஜிஎன்டி என்றே தெரியும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கும் வகுப்பு மாதிரி, இனிஷியலைப் பார்த்தால்தான் யார் என்று தெரியும்.

இனிஷியலைப் பார்க்க, பிரச்சினையுள்ள பேடு ஒன்றை ஒரு முறை கிளிக் செய்து திரையின் அடிப்பக்கத் தகவல் பட்டையைப் பாருங்கள். நெட் என்ற தலைப்பின் கீழே முழுப்பெயர் இருக்கும். பிறகு கிரவுண்ட் ஜோனின் ஓரத்தைக் கிளிக் செய்து அதன் நெட் பெயரைப் பாருங்கள். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லையென்றால் கதை முடிந்தது. வலது பக்க அப்பியரன்ஸ் பேனலில் நெட்ஸ் என்ற தாவலைத் திறந்து, மேலே உள்ள வடிகட்டிப் பெட்டியில் ஜிஎன்டி என்று அடித்தாலும் எத்தனை கிரவுண்ட் வைத்திருக்கிறீர்கள் என்பது வரிசையாக வந்துவிடும். ஒன்றுதான் வர வேண்டும்.

இது எப்படி நேர்ந்திருக்கும்? ஸ்கிமேட்டிக்கில், அதாவது சர்க்யூட் வரைபடத்தில், பவர் பகுதியை நீங்கள் தனி ஷீட்டாக வைத்திருக்கிறீர்கள். அந்த ஷீட்டை எங்கிருந்தோ எடுத்திருப்பீர்கள், சீனியரின் பழைய புராஜெக்ட்டாக இருக்கலாம். அதில் கிரவுண்டுக்கு முக்கோணக் கோடு போட்ட பவர் சிம்பலை வைக்காமல், வயர் முனையில் ஜிஎன்டி என்று சாதாரண லேபிள் போட்டிருப்பார்கள். பவர் சிம்பல் எந்த ஷீட்டில் இருந்தாலும் ஒரே நெட். ஸ்கிமேட்டிக் முழுக்கச் செல்லுபடியாகும். சாதாரண லேபிள் அது இருக்கிற ஷீட்டுக்குள் மட்டும்தான் செல்லும், அதனால்தான் கீகேட் அதன் முன்னால் ஷீட்டின் பெயரை ஒட்டிவிடுகிறது. பழைய புராஜெக்ட் முழுவதும் ஒரே ஷீட்டாக இருந்திருந்தால் அங்கே எந்த வம்பும் வந்திருக்காது. வேறு புராஜெக்ட்டுக்குள் கொண்டுவந்து நுழைத்ததும்தான் சாயம் வெளுக்கிறது.

ஸ்கிமேட்டிக்கைச் சரிபார்க்கும் இஆர்சி இதை ஒரு வகையில் உங்களிடம் சொல்லியிருக்கும். ரெகுலேட்டரின் கிரவுண்ட் பின் பவர் இன்புட் வகை. அது இருக்கிற நெட்டில் பவர் அவுட்புட் எதுவும் இல்லாவிட்டால், இந்தப் பவர் பின்னை யாரும் இயக்கவில்லை என்று பிழை வரும். கீகேட்டில் எல்லாரும் முதல் நாளிலேயே சந்தித்து, எரிச்சலாகி, விலக்குப் பட்டியலில் தள்ளிவிடும் பிழை அது. இந்த நெட்டுக்குப் பவர் வருகிறது என்று சொல்லும் பவர் ஃபிளாக் சிம்பல் ஒன்றைக் கொண்டுபோய் ஒட்டினால் வாயை மூடிக்கொள்ளும் என்று யூடியூபில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒட்டுவது தப்பில்லை. ஆனால் மெயின் ஷீட்டின் கிரவுண்டில் ஏற்கெனவே ஒரு ஃபிளாக் ஒட்டியிருக்கும்போது, இன்னொரு ஷீட்டில் அதே கிரவுண்டுக்கு மறுபடி பிழை வருகிறதே, ஏன் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். உங்கள் பவர் ஷீட்டில் ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் ஒரு பவர் ஃபிளாக் இருக்கிறதா பாருங்கள். இருக்கும் என்றே நினைக்கிறேன்.

சரிசெய்வது இரண்டு நிமிட வேலை. ஸ்கிமேட்டிக்கில் அந்த லேபிளை அழித்துவிட்டு, மற்ற ஷீட்டில் உள்ள அதே கிரவுண்ட் பவர் சிம்பலை வையுங்கள். இரண்டாவதாக ஒட்டிய ஃபிளாக்கை எடுத்துவிடுங்கள். எஃப்8 அழுத்திப் போர்டைப் புதுப்பித்து, போர்டில் பி அழுத்துங்கள். போர்டு பக்கம் மட்டும் ஒட்டுப்போட ஆசை வரும்: பேடின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து நெட் பெயரை அங்கேயே மாற்றிவிடலாம், காப்பரும் உடனே வந்து ஒட்டிக்கொள்ளும். அடுத்த எஃப்8-இல் ஸ்கிமேட்டிக் வந்து அதை அழித்துவிட்டுப் போகும். அதைப் பார்த்துத்தான் பலர் "கீகேட் என் மாற்றத்தைத் தின்றுவிட்டது" என்று பக் எழுதுகிறார்கள்.

அடிப்பக்கப் பட்டையில் இரண்டு பெயரும் ஒன்றாகவே இருந்தால் வேறு காரணங்களைத் தேட வேண்டும். அவற்றில் நான் அதிகம் பார்ப்பது இடமில்லாமை. கீகேட்டில் புது ஜோன் வரையும்போது கிளியரன்ஸ் (மற்ற காப்பரிலிருந்து விடும் இடைவெளி) 0.5 மில்லிமீட்டர், குறைந்தபட்ச அகலம் 0.25 மில்லிமீட்டர் என்று தானாக வரும். வழக்கமான 2.54 மில்லிமீட்டர் பின் ஹெடரில், கீகேட் லைப்ரரியின் ஃபுட்பிரிண்டில் (உதிரிபாகத்தின் பேடு அமைப்பு) பேடு 1.7 மில்லிமீட்டர். இரண்டு பேடுக்கு நடுவே மிஞ்சுவது 0.84. இரு பக்கமும் 0.5 விட்டால் 1.0 வேண்டும், ஆக அந்த வரிசைக்கு நடுவே காப்பர் நுழையவே முடியாது. ஹெடருக்கு அந்தப் பக்கம் கிரவுண்ட் பேடு இருந்து, சுற்றிப் போக வேறு வழியும் இல்லையென்றால் அது தனித்துத்தான் நிற்கும். ஜோன் கிளியரன்ஸை 0.2-க்கு இறக்குங்கள்: 0.84-இல் 0.4 போக 0.44 மிச்சம், 0.25-ஐவிட அதிகம், காப்பர் ஓடிவிடும். போர்டு செய்துதரும் இடம் 0.2-ஐ ஏற்கிறதா என்று அவர்கள் விதிப்பட்டியலில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தெர்மல் ரிலீஃப் கம்பிகள் இன்னொரு தொல்லை. சால்டர் செய்யும்போது சூடு முழுவதையும் ஜோன் உறிஞ்சிவிடக் கூடாது என்பதற்காகப் பேடை நான்கு மெல்லிய கம்பிகளால் மட்டும் ஜோனோடு சேர்ப்பார்கள். பக்கத்தில் டிராக்குகள் நெருக்கிக்கொண்டு போனால் கம்பிகள் ஒவ்வொன்றாக விழுந்துவிடும். குறைந்தது 2 கம்பி வேண்டும் என்பது தானாக வரும் விதி, ஒன்றே மிஞ்சினால் தெர்மல் இணைப்பு முழுமையாக இல்லை என்று டிஆர்சி தனிப் பிழையாகச் சொல்லும். டிராக்கைக் கொஞ்சம் நகர்த்துங்கள், அல்லது அந்த ஒரு பேடுக்கு மட்டும் நேரடி இணைப்பு கொடுங்கள். நேரடி இணைப்பு கொடுத்த பேடை 25 வாட் அயர்னால் சால்டர் செய்ய முயலும்போது என்னைத் திட்டாதீர்கள்.

ஈஎஸ்பி32 வைத்திருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாட்யூலின் ஆண்டெனாப் பக்கம் காப்பர் வராமல் வெட்டிவிட்ட மாதிரி இருந்தால் அதை நோண்டாதீர்கள். அந்த ஃபுட்பிரிண்டுக்குள்ளேயே காப்பர் தடைப் பகுதி வரைந்து வைத்திருக்கிறார்கள், ஆண்டெனாவுக்குக் கீழே காப்பர் இருந்தால் வைஃபை தூரம் படுத்துவிடும்.

இப்போது இரண்டாவது பிரச்சினை, காப்பர் மொத்தமாகக் காணாமல் போவது. நண்பர் லேப்டாப்பில் தெரிகிறது என்பதை வைத்து உங்கள் மெஷினில் ஏதோ கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிட்டீர்கள். நண்பருக்கு எதை அனுப்பினீர்கள்? போர்டு ஃபைலையும் ஸ்கிமேட்டிக்கையும் மட்டும்தானே? புராஜெக்ட் ஃபோல்டரில் இன்னொரு சின்ன ஃபைல் இருக்கும், அதன் நீட்டிப்பு பிஆர்எல் என்று முடியும். எந்த லேயர் தெரிய வேண்டும், ஜோனை எப்படிக் காட்ட வேண்டும் என்ற உங்கள் தனிப்பட்ட பார்வை அமைப்புகள் அதில்தான் சேமிக்கப்படுகின்றன. இடது பக்கக் கருவிப்பட்டையில் ஜோனை நிரப்பிக் காட்டு, ஓரம் மட்டும் காட்டு என்று பட்டன்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. கை தவறி இரண்டாவதைத் தொட்டிருப்பீர்கள். காப்பர் அங்கேயேதான் இருக்கிறது, திரையில் வரையவில்லை, அவ்வளவுதான். முதல் பட்டனை அழுத்துங்கள்.

இரண்டு முறை திரும்ப இன்ஸ்டால் செய்தும் மாறாததற்கும் இதுதான் காரணம். அந்த அமைப்பு புராஜெக்ட் ஃபோல்டருக்குள் இருக்கிறது, கீகேட்டை நீக்கினால் அது எங்கே போகும்? பொதுவாகவே கீகேட்டை அழித்துத் திரும்பப் போடுவது மருந்தாகாது. புராஜெக்ட்டோடு சேராத அமைப்புகளும் வேறிடத்தில் இருக்கின்றன: விண்டோஸில் ஆப்டேட்டாவுக்குள் கீகேட் ஃபோல்டர், லினக்ஸில் ஹோமுக்குள் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டர், ஒவ்வொரு பதிப்புக்கும் 8.0, 9.0 என்று தனி அறை. அன்இன்ஸ்டால் அவற்றைத் தொடாது. அமைப்பில்தான் கோளாறு என்று சந்தேகம் வந்தால், கீகேட்டை மூடிவிட்டு அந்த 8.0 ஃபோல்டரின் பெயரை மாற்றி வைத்துத் திறந்து பாருங்கள். புதிதாக இன்ஸ்டால் செய்த மாதிரி எழுந்து வரும். சரியாகவில்லையென்றால் பழைய பெயரைத் திருப்பி வைத்துவிடலாம்.

காப்பர் கண்ணுக்குத் தெரிவதும் காப்பர் சரியாக இருப்பதும் வேறு வேறு. சில வருடங்களுக்கு முன் ஒரு மோட்டார் கன்ட்ரோலர் போர்டு போட்டேன். எல்லாம் முடிந்து டிஆர்சி சுத்தமாக வந்த பிறகு, 3.3 வோல்ட் வையா (லேயர்களை இணைக்கும் துளை) ஒன்று மவுண்டிங் துளைக்கு ரொம்ப நெருக்கமாக இருப்பதாகத் தோன்றி, அதை அரை மில்லிமீட்டர் தள்ளினேன். ஜோனை மறுபடி நிரப்பவில்லை. ஜோனின் நிரப்பு என்பது போர்டு ஃபைலில் சேமித்துவைத்த பழைய படம், நீங்கள் சொல்லும் வரை அது மாறாது. போர்டு செய்பவருக்கு அனுப்பும் கெர்பர் ஃபைல்களை எடுக்கும் ஜன்னலில் 'எடுக்கும் முன் ஜோன் நிரப்பைச் சரிபார்' என்று ஒரு டிக் இருக்கிறது, வேகத்துக்காக அதை நானே என்றோ எடுத்துவிட்டிருந்தேன். 20 போர்டு வந்தது. மல்டிமீட்டரை பீப்பில் வைத்து 3.3-க்கும் கிரவுண்டுக்கும் தொட்டேன், பீப், அதாவது ஷார்ட். இரண்டாவது போர்டு, பீப். இருபதும் பீப். வையா தள்ளிப்போய்ப் பழைய கிரவுண்ட் காப்பருக்குள் உட்கார்ந்திருந்தது. பிளேடால் வையாவைச் சுற்றிக் காப்பரைச் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அந்த டிக்கை இப்போது நான் தொடுவதில்லை. டிஆர்சி ஜன்னலிலும் முதலில் எல்லா ஜோனையும் நிரப்பு என்று ஒரு டிக் உண்டு, அதுவும் எப்போதும் இருக்கட்டும். கடைசியாகக் கெர்பரை, அதைப் பார்க்கும் கீகேட் கருவியான ஜெர்ப்வியூவில் திறந்து, ஃபைல்களின் நேரம் இன்றையதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கீகேட்டில் பக்கே கிடையாது என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது, நானே ரிப்போர்ட் செய்திருக்கிறேன். திரை சம்பந்தப்பட்ட விநோதங்கள், அதாவது கர்சர் ஒரு இடத்திலும் டிராக் வேறு இடத்திலும் வருவது, பெரிதாக்கும்போது கறுப்புச் சதுரங்கள் தெரிவது போன்றவை பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர் கோளாறு. பிரிஃபரன்ஸஸில் ஆக்சிலரேட்டட் கிராஃபிக்ஸிலிருந்து ஃபால்பேக்குக்கு மாற்றிப் பாருங்கள். மெதுவாக ஓடும். ஆனால் கோளாறு மறைந்துவிட்டால் போர்டு மேல் பழியில்லை என்று உறுதி. லினக்ஸில் திரையைக் கையாள வேலண்ட் ஓடுகிறதென்றால் லாக்இன் செய்யும்போது பழைய முறையான எக்ஸ்11-ஐத் தேர்ந்தெடுத்து ஒரு முறை பாருங்கள், கர்சர் தாவும் தொல்லைகளில் பல அங்கேயே தீரும்.

மற்றபடி பக் என்று சந்தேகம் வந்தால் நான் செய்வது போர்டைப் பாதி பாதியாக வெட்டுவது. புராஜெக்ட்டை சேவ் ஆஸ் கொடுத்து நகல் எடுங்கள். நகலில் போர்டின் இடது பாதியை முழுவதும் அழித்துவிட்டு பி அழுத்துங்கள். கோளாறு இன்னும் இருக்கிறதா? அப்படியானால் குற்றவாளி வலது பாதியில். மறைந்துவிட்டதா? அண்டு கொடுத்துத் திருப்பி, மற்ற பாதியை அழியுங்கள். 120 உதிரிபாகம் இருக்கிற போர்டிலும் ஏழு வெட்டில் ஒன்றுக்கு வந்துவிடலாம். போகிற வழியில் பத்தில் எட்டு முறை, "அட, இந்த ஃபுட்பிரிண்டில் நானே அன்றைக்கு ஏதோ மாற்றினேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு வெட்டுவதை நிறுத்திவிடுவீர்கள். எப்போதிலிருந்து கெட்டது என்று தெரிய வேண்டுமானால், புராஜெக்ட் ஃபோல்டருக்குள் பேக்கப்ஸ் என்று முடியும் ஃபோல்டரில் தேதியிட்ட ஜிப்கள் கிடக்கும். நடுவில் ஒன்றைத் திறந்து பார்த்து, முன்னாலா பின்னாலா என்று அதையும் பாதி பாதியாகத் தேடலாம். ஃபைல் முழுக்க அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக எழுதிய வெறும் எழுத்துதான், நோட்பேடிலேயே திறக்கும். நல்ல பதிப்பையும் கெட்ட பதிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தால் சில நேரம் வித்தியாசம் ஒரே வரியில் நிற்கும். ஒரே எச்சரிக்கை: புதிய பதிப்பில் சரியாகிறதா என்று பார்க்க 9-இல் திறந்து சேவ் செய்துவிட்டால் அந்த ஃபைல் 8-க்குத் திரும்பாது. நகலில் மட்டும் செய்யுங்கள்.

வெட்டி வெட்டி நாலே உதிரிபாகத்தில் வந்து நின்று, அப்போதும் கோளாறு இருக்கிறது, உங்கள் மேல் தப்பில்லை என்றால், அது ரிப்போர்ட் செய்யத் தகுந்த பக். ஹெல்ப் மெனுவில் அபவுட்டைத் திறந்து, வெர்ஷன் விவரத்தை நகலெடுக்கும் பட்டனை அழுத்துங்கள். ஆப்பரேட்டிங் சிஸ்டம், லைப்ரரிப் பதிப்புகள் எல்லாம் அதில் வரும். ரிப்போர்ட் பட்டன் அங்கேயே இருக்கிறது, கீகேட்டின் புகார்கள் பதிவாகும் கிட்லேப் தளத்தில் கொண்டுபோய் விடும். அதற்கு முன் அங்கே தேடுங்கள், மூடிய புகார்களையும் சேர்த்து. பல நேரம் யாரோ முந்திக்கொண்டிருப்பார்கள், அடுத்த சின்னப் பதிப்பில் சரியாகிவிட்டது என்ற குறிப்பும் இருக்கும். ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்காதீர்கள். இந்த சாஃப்ட்வேரை 1992-இல் தொடங்கியவர் ழான்-பியர் ஷாரா என்ற பிரெஞ்சுக்காரர், பின்னாளில் ஜெனீவா பக்கம் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தின் பொறியாளர்கள் கை கொடுத்தார்கள், இன்று பல நாட்டிலிருந்து எழுதுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது மூன்றே வரி: இந்த ஃபைலைத் திற, பி அழுத்து, இந்தப் பேடில் காப்பர் வர வேண்டும், வரவில்லை. கூடவே நீங்கள் வெட்டிச் சுருக்கிய அந்தச் சின்ன ஃபைல். 120 உதிரிபாகத்தோடு முழு போர்டையும் தூக்கிப் போட்டு "வேலை செய்யவில்லை" என்று எழுதினால் அது வரிசையின் அடியில் கிடக்கும்.

உங்கள் போர்டுக்கு இன்று இதெல்லாம் தேவைப்படாது என்று நினைக்கிறேன். முதலில் அந்த மூன்று பேடில் ஒன்றைக் கிளிக் செய்து அடிப்பட்டையைப் பாருங்கள். அங்கே வெறும் ஜிஎன்டி என்றே இருந்தால் என் ஊகம் தப்பு. அப்போது புராஜெக்ட் ஃபோல்டர் முழுவதையும், அந்தப் பிஆர்எல் ஃபைலையும் சேர்த்து, ஜிப் செய்து அனுப்புங்கள். பேக்கப்ஸை மட்டும் விட்டுவிடுங்கள், என் இணைப்பு அவ்வளவு தாங்காது.